சுத்தக் கை போர்டுல என் போட்டோ வராத கதை

எண்ணெய்ப் பரோட்டா போடுறவனுக்கு ரெண்டு கையும்தான் மொதலு. அந்தக் கையவே ஊரு ஒலகம் சந்தேகமாப் பாத்த காலத்துல நான் ஒரு தண்ணிப் பார்க்குல மாஸ்டரா நின்னேன்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல, கருவேலங் காட்டுக்குள்ள இருந்துச்சு அந்தப் பார்க்கு. சறுக்கு, அலைக் கொளம், ராட்டினம் எல்லாம் உண்டு. கொரோனாவுல பூட்டிப் போட்டு, திரும்பத் தொறந்த சமயம். அடுப்படியில நிக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, ஒங்களுக்குத்தான் இதச் சொல்றேன். மாஸ்க்க மாட்டிக்கிட்டு கல்லு முன்னாடி வெந்தவுகளுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும். மத்தவுக படிச்சுச் சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல.

ஒரு கவுண்டர், ரெண்டு ஆளு

தொறந்த மொத நாளே மேனேஜர் எங்க எல்லாரையும் அலைக் கொளத்து ஓரமா தள்ளித் தள்ளி நிக்க வச்சாரு. "பாதிக் கூட்டத்துக்குத்தான் அனுமதி. அதனால வேலையாளும் பாதிதான். பொங்கல் கழிச்சு சூலக்கரை கலெக்டர் ஆபீசுல இருந்து சாப்பாட்டு ஆபீசர் சோதனைக்கு வருவாரு. அதுவரைக்கும் எல்லாரும் இருங்க. அதுக்கப்புறம் கவுண்டருக்கு ஒரு ஆளு. யாரு கை சுத்தமோ அவுக இருப்பாக"ன்னாரு. எங்க கவுண்டர்ல ரெண்டே பேரு. கல்லுல நான். தட்டு எடுத்து சால்னா ஊத்திக் குடுக்கிறது மாரீஸ்வரி. தாயில்பட்டிப் பக்கத்துக்காரி, என்னைய விட ரெண்டு மூணு வயசு சின்னவ. பட்டாசுக் கம்பெனியில பல வருசம் மருந்து செலுத்துனவ. ஆசுபத்திரி மருந்து இல்ல, வெடிக்கிற மருந்து. "நான் போயிட்டா பரோட்டாவுக்கு என்ன சார் பண்ணுவீக?"ன்னு கேட்டேன். "தோசை ஊத்துனா திங்க மாட்டாகளா?"ன்னு ஒரே போடாப் போட்டாரு.

அதோட கேட்டுல ஒரு போர்டு வேற மாட்டுனாரு. 'இந்த வாரச் சுத்தக் கை'. ஜெயிச்சவுக ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுற மாதிரி போட்டோ. மொத வாரம் மாரீஸ்வரி. ரெண்டாவது வாரம் மாரீஸ்வரி. மூணாவது வாரம் போட்டோவக் கழட்டவே இல்ல, மேல தூசி தட்டிட்டுப் போயிட்டாக. எனக்குச் சோறு எறங்கல. ஊரடங்கு அம்புட்டு மாசமும் வீட்டுல உக்காந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிளு ஒட்டுனவன் நான். ஒட்டுனது பூராக் கோணல். எம் பொண்டாட்டி பேச்சியம்மா அதப் பூரா உரிச்சுத் திரும்ப ஒட்டுனா. போர்டு கதையக் கேட்டதும் அவ சொன்னது: "அதுல ஒங்க மூஞ்சி வரலேன்னா, இங்கன பசைச் சட்டி காத்துக்கிட்டு இருக்கு, பாத்துக்கோங்க."

மூக்கு அரிச்சா

மாரீஸ்வரி கை மூஞ்சிப் பக்கமே போகாது. மூக்கு அரிச்சா தோளத் தூக்கி, சட்டைத் துணியில தேச்சுக்கிருவா. நெத்தி வேர்த்தாலும் தோளுதான். கேட்டதுக்கு, "கம்பெனியில கை பூரா சில்வர் பவுடர் இருக்கும்ணே. கண்ணுல மூக்குல வச்சோம்னா தீர்ந்துச்சு"ன்னா. அது மட்டுமா? அடுப்படிக்குள்ள அஞ்சாவதா ஒரு ஆளு வந்தா இவ பாட்டுக்கு வெளிய போயிருவா. மருந்து ரூமுல நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாதாம், அந்தப் பழக்கம். மேனேஜர் என்னடான்னா, இவ கவர்மெண்டு போட்ட கொரோனா ரூல்ச மனப்பாடம் பண்ணி வந்திருக்கான்னு மெரண்டு போயி, "எல்லாரும் மாரீஸ்வரி மாதிரியே தோள்ல அரிங்க"ன்னு உத்தரவு போட்டுட்டாரு.

நமக்கு அரிக்கிற நேரம் தெரியாதா? ரெண்டு கையிலயும் பரோட்டாவ வீசிக்கிட்டு இருக்கேன், மூக்கு நமநமங்குது. சரி, நாமளும் சுத்தக் கைதான்னு தோளத் தூக்குனேன். வீசுன மாவு கையை விட்டுப் பறந்து, அலைக் கொளத்துல இருந்து ஈரத்தோட நடுங்கிக்கிட்டு வந்த ஒரு ஆளு தோள் மேல அங்கவஸ்திரம் மாதிரி விழுந்துச்சு. அவரு அசையவே இல்ல. மெதுவாத் திரும்பிப் பாத்துக் கேட்டாரு: "துண்டு கேட்டது வாஸ்தவந்தான் மாஸ்டரு, அதுக்காக மாவுலயா குடுப்பீக?"

செருப்பு வரிசை

கவுண்டர் முன்னாடி தரையில வெள்ளப் பெயிண்டுல வட்டம் போட்டிருந்தாக. ஆளுக்கு ஒரு வட்டம், தள்ளித் தள்ளி. நம்ம சனம் என்ன பண்ணுச்சு? வட்டத்துக்கு ஒண்ணா செருப்பக் கழட்டி விட்டுட்டு, எல்லாரும் வேப்பமர நெழல்ல தோளோட தோளா ஒட்டி நின்னு கதை பேசுறாக. செருப்பெல்லாம் கொரோனா வராம தள்ளித் தள்ளி நிக்குது! நான் கரண்டியத் தூக்கிக்கிட்டுக் கத்துனேன். மீசைக்காரப் பெரியவர் ஒருத்தர், "செருப்பு நிக்குதுல்லப்பா. ரேசன் கடையில அத ஒத்துக்கிறாக, ஒனக்கு என்ன கொறச்சல்?"னு சண்டைக்கு வந்துட்டாரு.

மாரீஸ்வரி சத்தமே போடல. "ஊதா வாரு செருப்பு வாங்க. குண்டூசி குத்துன செருப்பு, அங்கனயே இருங்க, அடுத்து ஒங்களுக்குத்தான்"னு ஒவ்வொண்ணாக் கூப்பிட்டா. ஆளுக ஒவ்வொருத்தரா வந்து அவுக அவுக செருப்புல ஏறி நின்னு தட்ட வாங்கிட்டுப் போனாக. கம்பெனியில ரூமுக்கு வெளிய கெடக்குற செருப்ப வச்சே உள்ள யாரு இருக்கான்னு சொல்லிருவாளாம். மேனேஜர் கை தட்டுறாரு. மீசைக்காரர் தட்டோட என் பக்கம் வந்து நின்னு சொன்னாரு: "அந்தப் புள்ள செருப்பக் கூட மரியாதையாக் கூப்பிடுது. நீ மனுசனவே வெரட்டுறியேப்பா."

காச்சக்காரன்

மணிக்கொரு தடவ வாட்ச்மேன் தம்பி துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு வருவான், காச்சல் பாக்குற துப்பாக்கி. கல்லு மூஞ்சியில நிக்கிறவன் நெத்தியில வச்சா அது என்ன காட்டும்? கீ கீன்னு கத்தும். ஒடனே என்னைய இழுத்துட்டுப் போயி, வேப்பமரத்தடியில கயித்தக் கட்டி உள்ள உக்கார வச்சிருவாக. போற வாற சனமெல்லாம், "ஐயையோ, இவரு கையிலயா தின்னோம்!"னு வயித்தப் பிடிச்சுக்கிட்டுப் பாக்கும். மூணு நாள் நான் மரத்தடியிலயே கெடந்தேன். அங்கன அவ தோசை ஊத்தி ஆளச் சமாளிக்கா. தோசையும் நல்லாத்தான் இருந்துச்சாம். அதச் சொன்னவன் நல்லாவா இருப்பான்?

நாலாவது நாளு மாரீஸ்வரியே வந்து, "தம்பி, கல்லுல இருந்து வந்ததும் பாக்காதப்பா. பத்து நிமிசம் நெழல்ல இருக்கட்டும், பெறகு மணிக்கட்டுல பாரு"ன்னு சொன்னா. பாத்தான். துப்பாக்கி கப்சிப். சரி, தப்பிச்சோம்டா சாமின்னு நான் கயித்தத் தாண்டுறேன், அந்தத் தம்பி பல்லக் காட்டிக்கிட்டுச் சொல்றான்: "ஒங்களுக்குக் காச்சல் இல்லேன்னு கண்டுபிடிச்சதே மாரீஸ்வரி அக்காதான். இந்த வாரமும் போட்டோ அவுகதான் மாஸ்டரு."

ரெண்டு சோடி கிளவுசு

அவ ஒரு சோடி கிளவுசு போட்டா நான் ரெண்டு சோடி போடுவேன்னு, ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு மாவு அடிச்சேன். சாயங்காலம் கழட்டிப் பாத்தா மேல் கிளவுசுல சுண்டுவிரல் நுனியக் காணோம். மாவுலயும் இல்ல, கல்லுலயும் இல்ல. ஆனைக்குட்டத்துல இருந்து வந்திருந்த ஒரு அம்மா தட்டோட வந்து, கோவப்படக்கூட இல்ல, ரொம்பப் பிரியமாத்தான் சொன்னாக: "பரோட்டா பஞ்சு மாதிரி இருக்குய்யா. இந்த ஒரு ஏடு மட்டும் எம்புட்டு மென்னாலும் போக மாட்டேங்குது."

கோளு மூட்டுனது

இனி நேர் வழியில ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. மறைக்க என்ன இருக்கு, நீங்களும் இதெல்லாம் பண்ணியிருப்பீக. அவகிட்ட என்னென்ன நொட்டை இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். ஒண்ணு, அந்த வெயில்லயும் டீச்சரு மாதிரி முழுக்கைச் சட்டை. ரெண்டு, அடுப்புக்குக் கீழ ஒரு வாளி மணலும், நனைச்ச சாக்கு ஒண்ணும் வச்சிருப்பா. நாறுது, எடுன்னாலும் எடுக்க மாட்டா. "இதென்ன பட்டாசுக் கம்பெனியா?"ன்னு நான் தெனமும் கேப்பேன். மூணாவதுதான் பெரிய நொட்டை. சானிடைசர் ஒரு சொட்டு போட மாட்டா. மேனேஜர் பாக்காத நேரமாக் கொழாயடிக்குப் போயி சோப்பு போட்டுட்டு வந்திருவா. இத மட்டும் வெளிய விடாம, ஆபீசர் வர்ற அன்னைக்குன்னு பத்திரமா வச்சுக்கிட்டேன்.

அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளோட்டம் பாப்போமேன்னு, பிள்ளை குட்டியோட நின்ன ஒரு அக்கா காதுகிட்டப் போயி, "பாத்து வாங்குங்கக்கா. தட்டு குடுக்குறவ மருந்து செலுத்துன கை"ன்னு மெதுவாச் சொன்னேன். அந்தக்கா என்னைய ஏற எறங்கப் பாத்தாக: "எங்க வீட்டுல அஞ்சு பேரும் மருந்துதான். நீங்க தள்ளுங்க, அந்தப் புள்ளையவே குடுக்கச் சொல்லுங்க."

சூலக்கரை ஆபீசர்

பொங்கல் கழிஞ்சுச்சு. ஆபீசர் வந்தாரு. நான் அன்னைக்குக் காலையில இருந்து சானிடைசர்லயே குளிக்கேன். அவரு எங்க கவுண்டருக்கு வந்ததும் பாட்டில எடுத்து, அவரு பாக்க, முழங்கை வரைக்கும் சளசளன்னு ஊத்திக்கிட்டேன். மேனேஜர் மொகத்துல அப்பிடி ஒரு சிரிப்பு. இதுதான் நேரம்னு வாயத் தொறந்தேன். "சார், நான் இப்பிடி ஊத்துறேன். இந்தா நிக்கிறா பாருங்க போர்டுக்காரி, இத்தன நாள்ல ஒரு சொட்டு தொட்டிருக்காளான்னு கேளுங்க!" சொல்லிக்கிட்டே, வேலைய விடாத ஆளுன்னு காட்டணும்ல, ஈரக் கையோட அடுப்பத் திருகப் போனேன்.

குப்புன்னு ஒரு சத்தம். நீல நெருப்பு, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும், விரல்ல இருந்து முழங்கைக்கு ஓடுது. மேனேஜர் செலை மாதிரி நிக்காரு. ஆபீசர் பேனாவக் கீழ போட்டுட்டாரு. எனக்குக் கத்தணும்னு கூடத் தோணல. மாரீஸ்வரி ஒரு கையில சிலிண்டர மூடுனா, மறு கையில அந்த நாறச் சாக்க எடுத்து என் கையில சுத்தி, என்னையத் தரையோட அமுக்கிட்டா. எண்ணி நாலு மூச்சு விடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. தோலு செவந்து, முடியெல்லாம் பொசுங்கி, சுட்ட கோழி மாதிரி நின்னேன். ஆபீசர் அவளப் பாத்து, "நீங்க ஏம்மா சானிடைசர் போடல?"ன்னு கேட்டாரு. அவ மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா: "அடுப்புப் பக்கத்துல ஸ்பிரிட்டு வாசம் வந்தா எங்க கம்பெனியில மொத வெளிய ஓடுவோம் சார், பெறகுதான் என்னன்னு கேப்போம். இவரு அதக் கையில பூசிக்கிட்டு நிக்காரு."

முழுக்கைச் சட்டை

ஆபீசர், இனி அடுப்புப் பக்கம் சோப்பும் தண்ணியும் மட்டுந்தான், சானிடைசர் பாட்டில் கேட்டுக்குப் போகணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. மாரீஸ்வரி என்னையக் கொழாயடிக்குக் கூட்டிட்டுப் போயி, போதும் போதும்னாலும் விடாம தண்ணியில கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. நான் அழுதுருவேன்போல இருந்ததப் பாத்துட்டு, தன்னோட சட்டைக் கையச் சுருட்டுனா. முழங்கையில இருந்து தோளு வரைக்கும் தோலு சுருங்கிப்போயிக் கெடந்துச்சு. "ஒரே ரூமுல நாலு பேரு இருந்தோம்ணே. நான் வாசப் பக்கம் உக்காந்திருந்தேன்"னா. சட்டைக் கைய எறக்கி விட்டுக்கிட்டா.

அந்த நேரத்துலயும் எம் புத்தியப் பாருங்க. தழும்புல கூட என்னைய விட இவளுக்குப் பெருசுன்னுதான் மொதல்ல தோணுச்சு. அப்புறந்தான் கண்ணு கலங்குச்சு. நல்லா இருந்த கைய மூஞ்சிக்குக் கொண்டு போனேன். ஒடனே ஒரு அதட்டு: "தொடைக்கணும்னா தோள்ல தொடைங்கண்ணே, கையக் கொண்டு போகாதீக."

பசைச் சட்டி

"கை ஆறட்டும், அப்புறம் பாப்போம்"னு மேனேஜர் என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அப்புறம் பாப்போம்னா என்ன அர்த்தம்னு நம்ம பொழப்புக்காரவுகளுக்குச் சொல்லணுமா? பேச்சியம்மா பசைச் சட்டியக் கொண்டு வந்து முன்னாடி வச்சா. ஒரு கையால லேபிளு ஒட்டுனேன். ரெண்டு கையிலயே கோணல், ஒரு கையில கேக்கவா வேணும்? ஒட்டுற ஒவ்வொரு லேபிளுலயும் மாரீஸ்வரி கைய விரிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே தெரியுது. இந்நேரம் என் கல்லுல நின்னு தோசை ஊத்துவா, சனம் ஆகா ஓகோங்கும், மேனேஜர் கை தட்டுவாருன்னு நெனச்சு நெனச்சே கருகுனேன்.

ஒரு வாரம் கழிச்சு போன் வந்துச்சு. அவதான். "எப்ப வாரீக? கல்லு சும்மா கெடக்கு"ன்னா. "ஏன், நீ நிக்கலையா? ஒன்னையத்தான வச்சிருக்காக"ன்னு வெடுக்குனு கேட்டேன். ஆபீசர் வந்துட்டுப் போன அன்னைக்கே மேனேஜர்கிட்டப் பேசிட்டாளாம். கேட்டுல சனத்துக்குக் கை கழுவி விட ஒரு ஆளு வேணும்னு ஆபீசர் எழுதியிருக்காரு, அந்த வேலைதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டாளாம். இத்தன நாளா நான் யாரு கூட மல்லுக்கு நின்னேன்? அவ சொன்னது இன்னும் காதுல இருக்கு: "எனக்கு ஒங்க கல்லும் வேணாம், அடுப்பும் வேணாம்ணே. நெருப்பப் பாத்து உக்காந்தது போதும். தண்ணிப் பக்கம் ஒரு வேலை கெடைக்காதான்னுதான் அம்புட்டு நாளும் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

கேட்டுல ஒரு விசிலு

திரும்பப் போனேன். கல்லு எனக்கு. ஆனா அங்கன பாத்தா, அவளுக்கு ஒரு நாற்காலி, பெரிய கொடை, கழுத்துல விசிலு, முன்னாடி வரிசையா ஆறு கொழாயி. மேல அந்தப் போர்டு, அதுல அதே போட்டோ. இப்ப கண்ணாடி வேற போட்டுட்டாக. நான் இங்கன எண்ணெய்ப் பொகையில வேகுறேன், அவ அங்கன காத்து வாங்குறா. அவ மொகத்தப் பாக்க வேண்டாம்னு பின் கேட்டு வழியா நொழஞ்சேன். எங்கிருந்து பாத்தாளோ, விசில ஊதிட்டா. அத்தன சனத்துக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் சோப்பு போட வச்சுத்தான் உள்ள விட்டா.

அந்த ஞாயித்துக்கெழமை பேச்சியம்மா பார்க்குக்கு வந்தா. புருசன் கல்லப் பாக்க வந்திருக்கான்னு நெனச்சு நான் நாலு பரோட்டாவ முறுகலா எடுத்து வச்சுக்கிட்டுக் காத்துக்கெடக்கேன். அவ கேட்டுலயே நின்னு, மாரீஸ்வரி கையப் பிடிச்சுக்கிட்டு, போர்டுக்குக் கீழ போட்டோ எடுத்துட்டு, ஆற அமரத்தான் வந்தா. ஒரு வாயி பிச்சுத் தின்னுட்டு எம் பொண்டாட்டி சொன்னா: "இத்தன வருசமா ஒங்க பரோட்டா திங்கேன், இன்னைக்குத்தாங்க ருசியா இருக்கு. அந்தப் புள்ள கை கழுவி விட்ட விசேசம்!"

மாஸ்க்கு போயிருச்சு, வட்டம் அழிஞ்சிருச்சு, காச்சத் துப்பாக்கி எங்கனயோ துருப்பிடிச்சுக் கெடக்கு, ஆனா இன்னைக்கும் எனக்கு மூக்கு அரிச்சா கை போகாம தோளுதான் மேல வருது, அதுவும் அவ பழக்கி விட்டதுதான்னு நெனச்சா எனக்குப் பொறுக்கவே மாட்டேங்குது.